பெட்டிக்குள்ளே இருந்தது பாச்சை உருண்டை வாசம்தான்!

(தலைப்பு: மலைகளின் அபூர்வ வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரிப்பது அறிவா? அழிவா? ‘அழிவே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு. இடம்: ஓமலூர்)

நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் வலையும் கையுமாக உட்கார்ந்திருக்கிற சகோதர சகோதரிகளே! (சிரிப்பு) சந்தை நாளன்றுகூட இவ்வளவு பேர் சேர மாட்டார்கள் என்று சொல்லும்படி இங்கே திரண்டிருக்கிற ஓமலூர்ப் பெருமக்களே!

ஐயா, எதிரணிச் சகோதரி பேசி முடித்ததும் கூட்டமே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டாம இருக்க முடியலீங்க, அவ்வளவு அழகா அடுக்கினாங்க. “ஒரு தாய்ப் பட்டாம்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டை போடுது. குளவிக்குக் கொஞ்சம், எறும்புக்குக் கொஞ்சம், குருவிக்குக் கொஞ்சம் போக, மிச்சம் நாலோ அஞ்சோதான் றெக்கை முளைச்சுப் பறக்குது. இதில் ஒரு ஆள் வலையை வீசி ரெண்டு பிடிச்சா குடியா முழுகிப்போகும்?” என்று கேட்டார்கள்.

முழுகாது சகோதரி. எங்க வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடி இருக்கு. அதில் எலுமிச்சை அழகி முட்டை வைக்கும். சரபங்கா ஆத்தோரம் எருக்கஞ்செடி காடாக் கிடக்கு. அதில் வெந்தய வரியன் வளரும். இதில் நீங்க ரெண்டு இல்லை, இருபது பிடிச்சாலும் அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிற்கும். ஆனா நடுவர் ஐயா கொடுத்த தலைப்பில் ரெண்டு வார்த்தை இருக்கு. ‘மலை’ என்று ஒன்று, ‘அபூர்வம்’ என்று ஒன்று. சகோதரி ரெண்டையும் அடிவாரத்திலேயே இறக்கி வெச்சுட்டு வண்டி ஏறிட்டாங்க. (கைதட்டல்)

மலையில் வாழ்கிற பூச்சிக்கு என்ன கஷ்டம் தெரியுங்களா? நீலகிரியிலும் பழனி மலையிலும் உச்சிப் புல்வெளியில் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி இருக்கிறது. கோலியாஸ் நீலகிரியென்சிஸ் என்று அறிவியல் பெயர். அதன் பங்காளிகள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் இமயமலையில் இருக்கிறார்கள்! நடுவில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் சமவெளி வெயில். அதற்குக் குளிர் வேணும், உயரம் வேணும், புல்வெளி வேணும். கீழே இறங்கினால் கோயமுத்தூர் வெயில், மேலே ஏறினால் ஆகாயம். அதுக்கு அந்த மலை உச்சி ஒரு தீவு. நாலு பக்கமும் தண்ணிக்குப் பதிலா வெயில், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தீவையும் நாம் சும்மா விடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலை வந்தது, யூகலிப்டஸ் வந்தது, வாட்டில் மரம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டார்கள். பரந்து கிடந்த புல்வெளி துண்டு துண்டாகப் போனது.

உடனே எதிரணித் தலைவர் அண்ணன் எழுந்திருப்பார். “பார்த்தீர்களா, நீங்களே சொல்லிவிட்டீர்கள், அழித்தது மரம் நட்டவன், வலை வைத்திருந்தவன் இல்லை” என்பார். அண்ணே, உட்காருங்க, அதுக்குத்தான் வர்றேன். (சிரிப்பு)

அண்ணன் இங்கிலாந்து கதை ஒன்று சொன்னார். நல்ல கதை. அதைச் சொன்னதற்கு நான் நன்றி சொல்லணும், ஏன்னா பாதியைத்தான் சொன்னார். மீதியை எனக்காக வெச்சுட்டுப் போயிருக்கார். ‘பெரிய நீலன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் லார்ஜ் புளூ. அங்கே அபூர்வமான பட்டாம்பூச்சி. கோட்டு சூட்டுப் போட்ட கனவான்கள் வலையைத் தூக்கிக்கொண்டு தேடித் தேடிப் பிடித்தார்கள். எண்ணிக்கை குறைந்தது. “சேகரிக்கிறவர்களால்தான் அழிகிறது” என்று பேச்சு வந்தது. 1930-களில் ஓர் இடத்தில் சேகரிப்பவர்கள் நுழையக் கூடாது என்று வேலியே போட்டார்கள். வேலி போட்ட இடத்திலேயே பூச்சி காணாமல் போய்விட்டது! அங்கிருந்து ஒவ்வோர் இடமாகக் குறைந்து, 1979-இல் இங்கிலாந்திலேயே அந்த இனம் இல்லாமல் ஆனது.

ஏன்? ஜெரமி தாமஸ் என்று ஒரு விஞ்ஞானி வருஷக்கணக்காக மண்டி போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். இந்தப் பூச்சியின் புழு கொஞ்ச நாள் பூவைத் தின்றுவிட்டுக் கீழே விழும். ஒரு வகைச் சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குள் தூக்கிக்கொண்டு போகும். போன இடத்தில் இந்தப் புழு எறும்புக் குஞ்சுகளையே தின்று கொழுக்கும். வந்த வீட்டுக்கு ரெண்டகம்! (சிரிப்பு) அந்த எறும்புக்கு மண் சூடாக இருக்கணும். மண் சூடாக இருக்கப் புல் குட்டையாக இருக்கணும். புல் குட்டையாக இருக்க ஆடு மாடு, முயல் மேயணும். போட்ட வேலி வலைக்காரனோடு சேர்த்து மாட்டையும் தடுத்துவிட்டது. 1950-களில் முயல்களுக்கு ஒரு நோய் வந்து கூண்டோடு செத்தன. புல் வளர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது, பின்னாலேயே பட்டாம்பூச்சியும் போனது.

இதுவரைக்கும் அண்ணன் சொன்னார். “பாவம், வலைக்காரன் மேல் வீண்பழி” என்று முடித்தார். நான் ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அந்த இனம் அழிந்ததற்கு முதல் காரணம் வலை இல்லை. எங்கள் அணி பொய் சொல்லி ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மீதியைக் கேளுங்க. எறும்பு ரகசியம் தெரிந்த பிறகு, ஸ்வீடன் நாட்டிலிருந்து அதே இனத்தைக் கொண்டுவந்து 1983-இல் இங்கிலாந்தில் மறுபடி விட்டார்கள். மாடு மேய விட்டார்கள், புல்லை அளந்து பார்த்தார்கள், எறும்பை எண்ணினார்கள். பிரசவத்துக்கு வந்த மகளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். முப்பது வருஷப் பாடு. மெல்ல மெல்லப் பெருகியது. அப்புறம் 2015-இல் என்ன நடந்தது? ஒரு மனுஷன் வலையோடு அந்த மலைச்சரிவுக்குள் போனார். பிடித்தார். 2017-இல் நீதிமன்றம் அவருக்கு 6 மாதச் சிறை விதித்து, தண்டனையை நிறுத்தி வைத்தது. அவர் வீட்டில் அந்தப் பூச்சி ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தது.

அண்ணே, நான் கேட்கிறது இதுதான். நாடு முழுக்க எத்தனையோ லட்சம் பட்டாம்பூச்சி பறக்குதே, அந்த ஆள் ஏன் அங்கே போனார்? அது கொஞ்சமாக இருக்கிறது என்பதால்தானே போனார்! வாழிடம் போனதால் ஒரு இனம் குறைகிறது, சரி. குறைந்தவுடன் அதற்கு ‘அபூர்வம்’ என்று பட்டம் கிடைக்கிறது. பட்டம் கிடைத்தவுடன் விலை ஏறுகிறது. விலை ஏறியவுடன் வலை தேடி வருகிறது. நிறைய இருக்கும்போது வலை ஒன்றும் செய்யாது என்று சகோதரி சொன்னது நிஜம். ஆனால் நிறைய இருக்கும்போது அந்த வலைக்காரன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையே! (பலத்த கைதட்டல்)

நடுவர்: அதாவது, தக்காளி கிலோ 10 ரூபாய்க்கு விற்கும்போது தோட்டத்துக்குக் காவல் வேண்டாம், 100 ரூபாய் ஆனால் காவல் வேணும்கிறீங்க.

ஐயா, எங்க ஊர்க்காரங்களுக்கு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. (சிரிப்பு)

இன்னொன்றையும் சேர்த்துக்குங்க. சேகரிப்பவர் எப்படிப்பட்ட பூச்சியைத் தேடுவார்? கிழிஞ்சது, சாயம் போனது வேண்டாம். றெக்கையில் ஒரு செதில்கூட உதிராத பூச்சி வேணும். அப்படி இருக்கிறது எது? அன்றைக்குக் கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்தது. அதாவது இன்னும் முட்டை இடாதது! கிழவியை விட்டுவிட்டுக் கல்யாணப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார். சகோதரி சொன்ன அந்த நூற்றுக்கணக்கான முட்டையும் அவள் வயிற்றோடு பெட்டிக்குள் போகிறது.

நம்ம நாட்டுக்கு வருவோம். டார்ஜிலிங் பக்கம், நேபாள எல்லையை ஒட்டி, சிங்காலிலா தேசியப் பூங்கா. 2008-ஆம் வருஷம் ஜூன் மாதம் செக் குடியரசிலிருந்து வந்த இரண்டு பேரை வனத்துறை அங்கே கைது செய்தது. அனுமதி இல்லை, கையில் நூற்றுக்கணக்கான பூச்சிகள், வண்ணத்துப்பூச்சி, வண்டு எல்லாம். ஒருவர் பெயர் பெற்ற பூச்சியியல் ஆராய்ச்சியாளர். “அறிவியலுக்காக எடுத்தார், விடுங்கள்” என்று பல நாட்டு விஞ்ஞானிகள் விண்ணப்பம் அனுப்பினார்கள். செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. ஆராய்ச்சியாளருக்கு 20,000 ரூபாய் அபராதம். கூட வந்தவருக்கு 3 ஆண்டு சிறை, 60,000 ரூபாய் அபராதம். அவர் ஜாமீனில் வெளியே வந்தார், நாட்டை விட்டே போய்விட்டார். பறந்துட்டார்! (சிரிப்பு) அவர் பிடித்த பூச்சிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சிரிக்கிற விஷயமாகவே இருந்தாலும், அந்த விஞ்ஞானிகளின் விண்ணப்பத்தை நான் கேலி பண்ண மாட்டேன். அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஹாம்ப்சன் என்ற வெள்ளைக்காரர் நீலகிரியில் தோட்டக்காரராக இருந்துகொண்டே பட்டாம்பூச்சிகளைச் சேகரித்து 1888-இல் பட்டியல் வெளியிட்டார். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1980-களில், லார்சன் என்ற டென்மார்க்காரர் அதே மலையில் ஏறி, எது இருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. முன்னவர் பிடித்ததால்தான் பின்னவர் பேச முடிந்தது. எடுத்த தேதி, எடுத்த இடம், எடுத்த உயரம், எடுத்தவர் பெயர் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு ஊசியில் குத்தியிருந்தால், அந்தச் செத்த பூச்சி நூறு வருஷம் பேசும். ஒன்றோ இரண்டோ அப்படி எடுத்தவரை நான் குற்றம் சொல்லவில்லை.

நான் சொல்வது மற்றவரை. ஒரு ஜப்பான்காரர் இருந்தார். உலகத்திலேயே பெரிய பட்டாம்பூச்சி பப்புவா நியூகினியாவில் இருக்கிறது, அலெக்சாண்ட்ரா ராணி பெயர் வைத்தது. பெண் பூச்சி றெக்கை விரித்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று சொன்னால் மிகை. ஒரு சாணைத் தாண்டும். 1906-இல் முதன்முதலில் அதைப் பிடித்தவர் வலையால் பிடிக்கவில்லை, துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்! அதில் ஒரு ஜோடியை இந்த ஜப்பான்காரர் 8,500 டாலருக்கு அமெரிக்காவில் விற்கப் பார்த்தார். வாங்க வந்தவர் மாறுவேடத்தில் வந்த வனவிலங்கு அதிகாரி. 2007-இல் 21 மாதம் சிறை. பக்கத்து இலங்கையில், 2024-இல் யாலா தேசியப் பூங்காவில் இத்தாலிக்காரத் தந்தையும் மகனும் ஜாடி ஜாடியாகப் பூச்சிகளோடு பிடிபட்டார்கள், 6 கோடி இலங்கை ரூபாய் அபராதம். ‘பூச்சி வலையோடு ரெண்டு பேர் காட்டுக்குள் போறாங்க’ என்று வனக்காவலர்களிடம் சொன்னவர் யார்? ஒரு ஜீப் டிரைவர். படித்த பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

(மணி ஒலிக்கிறது)

ஐயா, ஒரு மணிதானே? ரெண்டாவது மணிக்குள் முடிச்சுடறேன்.

இவ்வளவு நேரம் செக்காரன், ஜப்பான்காரன், இத்தாலிக்காரன் என்று ஊரார் குற்றத்தையே அடுக்கினேன். அது சரியில்லை. ஓமலூர்க்காரன் குற்றத்தையும் சொல்லணும். நான் விலங்கியல் படித்தவன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீங்க, அதுக்கு அவசியமில்லை, அந்தக் காலத்தில் எல்லாக் கல்லூரியிலும் இதேதான். செய்முறைத் தேர்வுக்குப் ‘பூச்சிப் பெட்டி’ ஒன்று வைக்கணும். மரப்பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே தெர்மோகோல், மூலைக்கு மூலை பாச்சை உருண்டை. மார்க் உண்டு. எங்க வகுப்பில் 40 பேர்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் சுற்றி ஏற்காட்டுக்குப் போனோம். அவனவன் கையில் கொசுவலையில் தைத்த வலை. அன்றைக்கு மழை விட்டு வெயில் அடிச்சது. ஈர மண்ணில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சிக்கிட்டு இருந்தன. அப்படி உட்கார்ந்திருக்கும்போது கையாலேயே எடுக்கலாம். எடுத்தோம்.

நடுவர்: நீங்க எத்தனை எடுத்தீங்க?

32 ஐயா. தேவை 20-தான். றெக்கை உடைஞ்சா மாத்திக்கலாம்னு 12 கூட எடுத்தேன்.

நடுவர்: எப்படிக் கொன்னீங்க?

(சிறிது நேரம் கழித்து) நெஞ்சை ரெண்டு விரலால் அழுத்தணும் ஐயா. ஒரு சின்ன ‘டக்’ தெரியும். விரலில் பொடி ஒட்டிக்கும். மஞ்சள் பொடி மாதிரி. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த விரலோடதான் வேர்க்கடலை தின்னேன்.

அன்றைக்கு நாங்கள் போதாதென்று, மலையில் ஒரு சின்னப் பையனிடம், எட்டு வயசு இருக்கும், ஒரு பூச்சிக்கு நாலணா தர்றோம் என்று சொன்னோம். ஒரு மணி நேரத்தில் அவன் சட்டைப் பை நிறையக் கொண்டுவந்தான். பாதி கசங்கிப்போயிருந்தது. கசங்கினதுக்குக் காசு இல்லை என்று சொல்லிவிட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. கசங்கியதைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி பிடிக்கப் போனான். விலை வைத்தவுடன் என்ன ஆகும் என்று நான் முன்னால் சொன்னேனே, அதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

அவன் கொண்டுவந்ததில் ஒன்று, கறுப்பு உடம்பு, கீழ் றெக்கையில் ஒரு நிறம், அது நீலமா பச்சையா என்று இன்றுவரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் ஆசிரியருக்கும் பெயர் தெரியவில்லை. என்ன செய்தேன் தெரியுங்களா? சீட்டில் ‘பட்டாம்பூச்சி, ஏற்காடு’ என்று எழுதினேன். தேதி எழுதவில்லை. மலையில் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. எந்தச் செடிக்குப் பக்கத்தில் என்று அந்தப் பையனைக் கேட்கவில்லை. 20-க்கு 18 மார்க் கிடைத்தது!

தேர்வு முடிந்ததும் 40 பெட்டியும் ஸ்டோர் ரூமுக்குப் போனது. அடுத்த வருஷம் நான் போய்ப் பார்த்தேன். மழைத் தண்ணி இறங்கியிருந்தது. எறும்பு உடம்பைத் தின்றுவிட்டு ஊசியை விட்டு வைத்திருந்தது. கண்ணாடியைத் திறந்தால் உள்ளே பாச்சை உருண்டை வாசம்தான். ஒரு வகுப்பு, ஒரு வருஷம், ஆயிரத்துக்கு மேல் உயிர். எதிரணித் தலைவர் அண்ணே, அதில் எந்தப் பெட்டியில் இருந்தது அறிவு? (கைதட்டல்)

பிற்காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்பில் உயிர்களை அறுப்பதை நிறுத்தச் சொன்னது நல்ல காரியம். இப்போது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். என் பிள்ளைகள் கறிவேப்பிலைச் செடியிலிருந்து புழுவை எடுத்து, பாட்டிலில் வைத்து, இலை போட்டு வளர்க்கிறார்கள். எத்தனை நாள் தின்றது, எத்தனை தடவை தோல் உரித்தது, எந்தத் தேதியில் கூடு கட்டியது, எல்லாம் நோட்டில் எழுதுகிறார்கள். நான் எழுதாத தேதியை அவர்கள் எழுதுகிறார்கள். றெக்கை காய்ந்ததும் ஜன்னலைத் திறந்து விடுகிறார்கள். சில புழு செத்தும் போகும். ஒரு பெண் குழந்தை அழுதுவிட்டாள், அதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

தமிழ்நாடு அரசு 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அதுவும் மலைக்காட்டுப் பூச்சிதான். வனவிலங்குச் சட்டம் 1972-இலிருந்து இருக்கிறது. முதல் அட்டவணையில் புலியோடு சில பட்டாம்பூச்சிகளும் உட்கார்ந்திருக்கின்றன. சட்டம் இருக்கட்டும். மலையில் இருக்கிறவனுக்கு நாலணா கொடுத்துப் பிடிக்கச் சொன்னால் பிடிப்பான். அதே மனுஷனை மதித்து, வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, பார்த்துவிட்டுப் போவதற்குக் கூலி கொடுத்தால் அவனே காவல்காரன். யாலாவில் ஜீப் டிரைவர் செய்தது அதுதானே.

(மணி மீண்டும் ஒலிக்கிறது)

முடிச்சாச்சு ஐயா, ஒரே ஒரு செய்தி. தென்மேற்குப் பருவமழை ஓய்கிற சமயத்தில், புரட்டாசி ஐப்பசியில், சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலையிலிருந்து கருநீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகின்றன. நடுவில் இருப்பது நம்ம சமவெளிதான். வழியில் காய்ந்த கிலுகிலுப்பைச் செடியைக் கண்டால் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டுப் போகும். போன வருஷம் காலை ஒன்பது மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்துக்கு மேலே, கிழக்கே இருந்து மேற்கே போச்சுங்க. பிரேயர் நடந்துக்கிட்டு இருந்தது. பிள்ளைகள் யாரும் வலையைத் தேடவில்லை. ஒரு பையன் மட்டும் வரிசையை விட்டு ஓடினான். எங்கடா போறேன்னு கேட்டேன். “எண்ணணும் சார், நோட்டு கிளாஸ்ல இருக்கு”ன்னான்.

(நீண்ட கைதட்டல்)